கிலோமீட்டர் மாறாது, மணி மாறும்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் இணையத்தில் உடனே இரண்டு எண்கள் வந்து நிற்கும். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம். இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் இருப்பதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பலாம் என்று தோன்றிவிடுகிறது. எனக்கு அதில்தான் தகராறு. முதல் எண் கணக்கு. இரண்டாவது வெறும் உத்தேசம்.

அந்த உத்தேசம் எப்படி வருகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கிலோமீட்டரால் வகுக்கிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று ஓர் அரை மணி நேரத்தைக் கூட்டுகிறார்கள். முடிந்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இடையில் எந்த நாடு தன் வானத்தைப் பூட்டி வைத்திருக்கிறது, இறங்கும் இடத்தில் எத்தனை விமானங்கள் வரிசையில் நிற்கின்றன, எதுவும் அதில் கிடையாது.

முதலில் கணக்குப் பக்கத்தை முடித்துவிடுவோம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் ஆதாரப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு, உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி எது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக்கொண்டால் பள்ளிக்கூட முக்கோணவியலே போதும். ஆனால் பூமி கொஞ்சம் தட்டையானது. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்த 21 கிலோமீட்டர் வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, போடாதவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.யிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஓரிடத்தில் 5,540 கிலோமீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 5,555 கிலோமீட்டர் என்றும் இருப்பது இதனால்தான். யாரும் பொய் சொல்லவில்லை. பறக்கிற வேகத்தில் அந்தப் பதினைந்து கிலோமீட்டர் சுமார் ஒரு நிமிடம்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் அலகில் வரும். விமானிகள் பேசுவது கடல் மைலில். அது சரியாக 1.852 கிலோமீட்டர். அமெரிக்கப் பயணிகள் பேசுவது தரை மைலில், அது 1.609. இதே நியூயார்க்–லண்டன் தூரம் ஒருவர் கணக்கில் 3,000, இன்னொருவர் கணக்கில் 3,450. இரண்டுக்கும் பெயர் மைல்தான். அப்புறம் ஊர்ப் பெயர். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருப்பது எல்லோருக்கும் தெரியும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி உண்டு, அங்கும் விமான நிலையம் உண்டு. பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்து அங்கே போய் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தட்டுவதைவிட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டுவது நல்லது.

சரி, தூரம் கிடைத்துவிட்டது. இப்போது வரைபடத்தைத் திறந்தால் அடுத்த சந்தேகம் வரும். என் சித்தப்பா முதல்முறை லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனார். முன் இருக்கைத் திரையில் விமானம் கிரீன்லாந்து மேலே ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறார். இறங்கியதும் எனக்குப் போன். "ஏன்டா, நேரா மேற்க போறதுக்கு எதுக்கு இவ்வளவு வடக்கே சுத்துறான்?" "அதுதான் சித்தப்பா நேர்வழி" என்றேன். அவர் நம்பவில்லை. கண்ணெதிரே வளைவு தெரியும்போது எப்படி நம்புவார்?

தப்பு வரைபடத்தில் இருக்கிறது. நாம் திரையில் பார்க்கும் தட்டையான உலகப் படம் பெரும்பாலும் 1569இல் மெர்கேட்டர் வகுத்த முறையில் வருவது. கடலில் திசை பிடிக்க அருமையான படம். ஆனால் வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடும். ஹெல்சின்கியையும் அலாஸ்காவின் ஆங்கரேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ 60 டிகிரி வடக்கில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரே மட்டத்தில் கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் சுமார் 9,500 கிலோமீட்டர். வட துருவத்தை ஒட்டிப் போனால் 6,500தான். உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் ஒரு நூலைப் பிடித்து இறுக்கினால் நூல் தானாகவே துருவத்துப் பக்கம் நழுவிப் போய் நிற்கும். சித்தப்பா அடுத்த முறை வந்தபோது இதைத்தான் செய்து காட்டினேன். நூலை இரண்டு முறை கீழே தள்ளிப் பார்த்தார், அது திரும்பத் திரும்ப மேலே போனது. "அப்ப படம் போட்டவன்தான் ஏமாத்திட்டான்" என்று முடித்துக்கொண்டார்.

ஆனால் இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த அந்தக் குறுகிய வழியிலும் பல விமானங்கள் போவதில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டக் கணக்கில் சுமார் 12,400 கிலோமீட்டர். ஏர் இந்தியா இதை முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாக மேற்கு நோக்கி ஓட்டியது. அப்போது பறந்த தூரம் ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் திசையை மாற்றினார்கள். கிழக்கே திரும்பி, பசிபிக் கடலைத் தாண்டிப் போனார்கள். தூரம் 15,300 கிலோமீட்டராக ஏறியது. நேரமோ சுமார் பதினான்கரை மணியாகக் குறைந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். 1,400 கிலோமீட்டர் அதிகம் பறந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வரும்போது பழையபடி அட்லாண்டிக் வழி, அதுவும் கிழக்கு நோக்கி. அந்த விமானத்தில் போய் வந்தவர், தெரிந்தோ தெரியாமலோ, உலகை ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

காரணம் காற்று. பூமிக்கு மேலே ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. துருவக் குளிருக்கும் வெப்ப மண்டலச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை ஓட்டுகிறது. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடும், காற்றும் வலுக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது அங்கே சாதாரணம். ஜப்பானின் வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களை விட்டு இதை அளந்துவிட்டார். தன் கண்டுபிடிப்பை உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று 1926இல், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944இல் ஜப்பான் மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே பறப்பவருக்கு ஊர் தானே எதிரில் வந்து சேர வேண்டாமா? வராது. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் அடுத்த பெட்டி ஒரே நேரத்தில்தான் வருகிறது அல்லவா, அதே கதை. விமானத்துக்கு லாப நஷ்டம் எல்லாம் பெட்டிக்குள் வீசும் காற்றால்தான்.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அட்டவணைக்கு 80 நிமிடம் முன்னதாக. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஒலியைத் தாண்டிப் பறந்த கான்கார்ட் இதே தூரத்தை 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் கடந்தது வேறு விஷயம்.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துக்கொள்ளலாம், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 5,550 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் மணிக்கு 900 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 20 நிமிடம். மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று வீசினால்? காற்றோடு போகும்போது 1,100 கிலோமீட்டர் வேகம், 5 மணி 3 நிமிடம். எதிர்த்து வரும்போது 700தான், 7 மணி 56 நிமிடம். கூட்டினால் 12 மணி 59 நிமிடம். ஏறக்குறைய 40 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதுதான் காரணம். நிலையான காற்று, எந்தப் பக்கம் வீசினாலும், போக வரச் சேர்த்துப் பார்த்தால் நேரத்தைத் தின்னத்தான் செய்யும். அதனால்தான் போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி என்று காற்றுக்கு ஏற்றபடி பாதையை மாற்றிக்கொள்கிறார்கள். வட அட்லாண்டிக்கில் இதற்கென்றே அன்றைய காற்றைப் பார்த்து தினமும் இரண்டு முறை பாதைகள் வகுக்கப்படுகின்றன. நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

காற்றுக்கு அடுத்தபடி நேரத்தைத் தீர்மானிப்பது அரசியல். ஹெல்சின்கி–டோக்கியோ இதற்கு நல்ல பாடம். பெருவட்டத் தூரம் 7,800 கிலோமீட்டர் சொச்சம். அது 1983இலும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். ஆனால் 1983இல் ஃபின்ஏர் அங்கே நேரடி விமானம் விட்டபோது, சோவியத் வானம் திறக்கப்படாததால் வட துருவத்தைச் சுற்றி, பெரிங் நீரிணை வழியாக இறங்கிப் போக வேண்டியிருந்தது. சுமார் 13 மணி நேரம். பிற்பாடு சைபீரிய வானம் திறந்தது, பயணம் ஒன்பதரை மணிக்குச் சுருங்கியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்களிடம்தான் என்று அந்த நிறுவனம் தன் வியாபாரத்தையே அதன்மேல் கட்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வானம் மூடிக்கொண்டது. மறுபடியும் துருவம், மறுபடியும் 13 மணி நேரம், ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்ததற்கு ஒரு காகிதமாவது கிடைத்தது.

மலையும் வழியை மாற்றும். திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் அரிதாகவே போகும். மலை உயரமாக இருப்பதால் மோதிவிடும் என்று நினைக்க வேண்டாம். விமானம் அதைவிட உயரத்தில்தான் பறக்கிறது. கேபின் காற்றழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், ஏனென்றால் தலைக்கு மேல் தொங்கும் ஆக்சிஜன் முகமூடிகள் பொதுவாகக் கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். எங்கே இறங்குவது? கடலுக்கு மேலே வேறு ஒரு விதி. இரண்டு எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும். 1953இல் அமெரிக்காவில் அது 60 நிமிடம். 1985இல் 120 ஆனது, பிறகு இன்னும் கூடியது. நிமிடம் கூடக் கூட, பாதை நேராகிக்கொண்டே வந்தது.

இவ்வளவும் வானத்தில். குறுகிய பயணங்களில் நேரத்தைத் தின்பது தரை. ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு 370 கிலோமீட்டர். பறக்கிற வேகத்தில் அரை மணி நேரம்கூட இல்லை. டிக்கெட்டில் பார்த்தால் (இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கழித்த பிறகும்) ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து இன்னொரு கேட்டில் போய் நிற்கும் வரைக்கும். நகர்ந்து, வரிசையில் நின்று, ஓடுபாதையைப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆகலாம். ஏறும்போதும் முழு வேகம் கிடையாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இறங்குவதற்கோ சுமார் 200 கிலோமீட்டர் முன்பே தயாராக வேண்டும். 370 கிலோமீட்டர் பயணத்தில் ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆம்ஸ்டர்டாமில் 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால் அங்கிருந்து முனையத்துக்கு உருண்டு வரவே கால் மணி நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் விமானம் ஒரு நெடுஞ்சாலையின் மேல் பாலத்தைத் தாண்டிப் போகும், கீழே கார்கள் ஓடும். சாலை வழியாகவே கொண்டுபோய் விடுகிறார்களோ என்று தோன்றும்.

எதிர்த் திசையில் ஹீத்ரோவுக்கு வந்தால் வேறு கூத்து. அந்த நிலையத்தைச் சுற்றி வானத்தில் நான்கு காத்திருப்பு இடங்கள் உண்டு. கூட்ட நேரத்தில் விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்று சுமார் நான்கு நிமிடம். மூன்று சுற்று சுற்றினால் பன்னிரண்டு நிமிடம் போயிற்று, ஒரு கிலோமீட்டர்கூட முன்னேறவில்லை. விமான நிறுவனங்களுக்கு இது தெரியும். அதனால் அட்டவணையிலேயே கொஞ்சம் தாராளமாக நேரம் வைத்துவிடுவார்கள். 'முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டோம்' என்று விமானி பெருமையாக அறிவிப்பதில் பாதி இந்தத் தாராளத்தின் புண்ணியம் என்பது என் கருத்து.

தூரத்தை வகுத்து அரை மணி கூட்டும் சூத்திரத்தை வெஸ்ட்ரேயிடம் காட்டிப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை. பறப்பது ஒன்றரை, இரண்டு நிமிடம். காற்று தோதாக இருந்து 53 நொடியில் போன நாளும் உண்டு. சூத்திரம் அரை மணி நேரம் என்று சொல்லும்.

உள்ளூர் நேரத்தைக் கழித்துப் பயண நேரத்தைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்லாந்தில் இரவு ஏறினால் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி மதியம் இறங்கலாம், ஏறுவதற்கு முன்பே இறங்கியது போல. அதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம், அபத்தம் பளிச்சென்று தெரியும். மார்ச்சில் வருவதுதான் சத்தமில்லாத சிக்கல். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் மறுபடியும் இதே கதை. இரண்டு ஊர் நேரத்தையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது ஒன்றுதான் வழி.

யாராவது என்னிடம் எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டால் நான் இப்போது தூரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. அந்த விமானத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் கடந்த பத்துப் பதினைந்து நாட்களில் அது நிஜமாக எப்போது கிளம்பி எப்போது நின்றது என்று பார்ப்பேன். சராசரியைவிட அதில் மிக மோசமான நாளைத்தான் கவனிப்பேன். கனெக்டிங் விமானம் பிடிக்க வேண்டியவருக்குச் சராசரியால் ஒரு உபயோகமும் இல்லை. அதையும் அதே பருவத்தில் பார்க்க வேண்டும். ஜூலையில் இரண்டு மணி நேர இடைவெளி போதும் என்று ஆன ஒரு மேற்குப் பயணத்துக்கு, ஜனவரியில் அதே இரண்டு மணி நேரத்தை நம்பி டிக்கெட் எடுக்கச் சொல்ல மாட்டேன். எதிர்காற்று அதில் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்ததென்றால் நான்கு.